வீட்டுக்கு ஒரு பெயர்

பாளையங்கோட்டை
12.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயக்கொடி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மார்கழியில் பிடித்த இருமல் மட்டும் இன்னும் விடவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உன்னைக் குண்டர் சட்டத்தில் ஓராண்டு புழலில் வைத்துவிட்டார்கள் என்று பொங்கல் முடிந்த கையோடு மலர் அண்ணி போனில் சொன்னார். நான் உடனே கிளம்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் எழுதினால் சாக்காகத்தான் தெரியும்.

ஒரு உதவி கேட்கத்தான் இந்தக் கடிதம். என் ஆராய்ச்சி பற்றி உனக்குத் தெரியும். வடசென்னைக் கடலோரக் குப்பங்களில் இளைஞர்கள் எப்படிக் குற்றத்துக்குள் வருகிறார்கள் என்பது தலைப்பு. நாற்பத்தொரு பேரிடம் பேசியாயிற்று. யாராவது ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் முதலிலிருந்து விரிவாக எழுத வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி. வேறு யாரையோ தேடுவதைவிட உன்னையே கேட்கலாம் என்று தோன்றியது. உன் பெயர் வராது, ‘திரு. அ’ என்றுதான் போடுவேன்.

இது யாரையும் குறை சொல்லுகிற படிப்பு இல்லை அண்ணா. பிறக்கும்போதே யாரும் திருடனாகப் பிறப்பதில்லை, சுற்றியிருக்கிற சமூகம்தான் ஒருவனை அந்த இடத்துக்குத் தள்ளுகிறது என்பதுதான் இதன் அடிப்படை. எப்படித் தள்ளுகிறது என்பதில் ஆளுக்கொரு கொள்கை. பதின்மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுது.

அப்பா அம்மாவிடம் வாரம் ஒருமுறை பேசுகிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புத் தங்கை
ஜெயா


மத்திய சிறை, புழல்
26.02.2024

தங்கச்சி ஜெயாவுக்கு அண்ணன் ரஞ்சித் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

உன் கடிதம் பிரித்துப் படித்த முத்திரையோடு வந்து சேர்ந்தது. இதையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், அதனால் பார்த்து எழுது. இருமலுக்குக் கற்பூரவல்லியைக் கொதிக்கவைத்துக் குடி. முதுகு பழகிவிட்டது. சாப்பாடும் பழகிவிட்டது.

நேரம் கிடைக்கும்போது எழுது என்று போட்டிருந்தாயே, அதைக் கேட்டு முபாஷிர் சிரித்தான். என் பக்கத்துப் பாய்க்காரன், எண்ணூர். “இங்க டைம தவுர வேற இன்னா கீதாம்? உன் தங்கச்சிய கேளு” என்றான். கேள்வித்தாளில் என்னை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டிருக்கிறாய். வீட்டில் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் வழக்கு எந்த வயதில் என்றால், பத்தொன்பது. என்ன வழக்கு என்றால், கடலில் அடிதடி. யாரோடு சேர்ந்து செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். நான் அங்கே போகவே இல்லை. அப்படி எழுத உன் தாளில் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். மற்றதையும் தெரிந்தவரை நிரப்பிவிட்டேன். பதின்மூன்றாவது, ‘உங்களை இந்த வழிக்குக் கொண்டுவந்தது எது? குடும்பம், நண்பர்கள், வறுமை, பிற’ என்கிற கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன்.

எனக்கும் உன்னால் ஒரு உதவி ஆகவேண்டும். இலவச சட்ட உதவியில் எல்சி என்று ஒரு வக்கீலம்மா வருகிறார், ராயபுரத்துக்காரர். என்னை உள்ளே வைத்த உத்தரவைப் படித்துக் காட்டினார். அதில் முதல் வரியே 2013 ஜூனில் நடந்த வலைத் தகராறுதான், பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவருக்குக் கண் போனதே, அந்த வழக்கு. அதை வைத்துத்தான் ஸ்டேஷனில் என் பெயரில் சரித்திரப் பதிவேடு, அதாவது ரவுடிப் பட்டியல், திறந்தார்கள். மீதியெல்லாம் அதன்மேல் அடுக்கியது. அடியில் இருக்கிற அந்த ஒன்று தப்பு என்று காட்டிவிட்டால் இந்த உத்தரவு நிற்காது, பதிவேட்டையும் மூடச்சொல்லிக் கேட்கலாம் என்கிறார்.

நம் வழக்கம் அவருக்குப் புரியவில்லை. ஊர்ச் சண்டை என்றால் போலீசுக்கு ஊரே உட்கார்ந்து பெயர் கொடுக்கும், வீட்டுக்கு ஒரு பெயர், சண்டைக்குப் போனவனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, பெயர் போனவனுடைய வக்கீல், அபராதம், அவன் வீட்டு அரிசி எல்லாவற்றையும் ஊர் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். “செய்யாத குத்தத்த ஏம்பா ஒத்துக்கின?” என்று கேட்டார். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் முடிந்தது, ஊரில் கறிசோறு போட்டுவிடுவார்கள் என்றேன். நமக்கு முடிந்துவிட்டது, ஸ்டேஷனுக்கு முடியவில்லை என்பது அப்போது குப்பத்தில் யாருக்கும் தெரியாது.

சண்டை நடந்த அன்றைக்கு நான் உன்னோடு வண்ணாரப்பேட்டையில் இருந்தேன். எம்.சி. ரோட்டில் உனக்குக் காலேஜுக்கு சுடிதார் எடுத்தோம். பச்சையா நீலமா என்று நாலு கடை ஏறி இறங்கினாய். இதை நீ பிரமாணப் பத்திரமாக எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். ஜூனில் குழந்தை அம்முவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்குள் வெளியே வந்துவிட்டால் நான் கொண்டுபோய் விடுவேன்.

அன்பு அண்ணன்
ரஞ்சித்


பாளையங்கோட்டை
20.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதமும் கேள்வித்தாளும் கிடைத்தன. கற்பூரவல்லி குடிக்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை. நீயும் முபாஷிரும் நலம்தானே?

உன் பதில்களை மூன்று முறை படித்தேன். எங்கள் பாடத்தில் ஒரு கொள்கை உண்டு. நல்ல வீடு, நல்ல துணி, மதிப்பு என்று எல்லோருக்கும் ஒரே ஆசையைச் சமூகம் காட்டிவிடுகிறது. அங்கே போகிற வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கிறது. வழி கிடைக்காதவர்களில் சிலர் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். இன்னொரு கொள்கைப்படி குற்றமும் ஒரு தொழில் மாதிரி, பழகுகிற ஆட்களிடமிருந்து கற்றுக்கொள்வது. எப்படிச் செய்வது என்பதை மட்டுமில்லை, செய்வது தப்பில்லை என்று மனதைச் சமாதானப்படுத்தும் பேச்சையும் அவர்களிடமிருந்துதான் கற்கிறார்கள். உன் விஷயத்தில் இரண்டில் எது பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது?

முதல் கைது பற்றி விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும். சாத்தாங்காட்டில் வேலை பார்த்தது பற்றியும் எழுது.

பத்திரம் பற்றிச் சொல்லியிருந்தாய். இந்த மாதம் விடைத்தாள் திருத்துவதிலேயே போகிறது. பிறகு எழுதுகிறேன்.

அன்புத் தங்கை
ஜெயா


மத்திய சிறை, புழல்
02.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நானும் முபாஷிரும் சுகம். வெயில் ஏறிவிட்டது. பல் ஒன்று ஆடுகிறது, அது தானாக விழட்டும் என்று விட்டிருக்கிறேன்.

வழி கிடைக்காதவன் சுவர் ஏறுகிறான் என்று எழுதியிருந்தாய். எனக்கு வழி இருந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஏற்றி இறக்குகிற வேலை, நம் ஆசீர்வாதம் மேஸ்திரியிடம். கை கால் நசுங்காமல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அந்தப் பக்கம் எந்தக் கொட்டகையில் என்ன காணாமல் போனாலும் ஜீப் நேராக என்னிடம் வந்து நிற்கும். பதிவேட்டில் பெயர் இருக்கிறதே. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புவார்கள். நாலாவது தடவை மேஸ்திரி சொன்னார், “நீ நல்லவன்தான் நைனா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா உன்னால என் கொட்டகைக்கு ஜீப்பு வந்துகினே கீது.” அவர் மேல் கோபம் வரவில்லை.

நாலு தடவை எடுக்காததற்கு அடி வாங்கினேன். ஐந்தாவது தடவை நிஜமாகவே எடுத்தேன். செம்புக் கம்பி, ஒரு யார்டில். தடுக்க வந்த வாட்ச்மேனைத் தள்ளியதில் அவருக்குக் கை உடைந்தது. அது நான் செய்ததுதான், எட்டு மாதம் அனுபவித்துவிட்டும் வந்தேன், அப்படியே எழுதிக்கொள். அன்றைக்கு விழுந்த அடிக்கும் முந்தின அடிகளுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், ஸ்டேஷனில் உட்காரவைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம்தான்.

முதல் கைதுக்கு வருகிறேன். முந்தின நாள் வலைக்கொட்டகையில் ஊர் கூடிப் பதினோரு வீட்டுக்குப் பதினோரு பெயர் எழுதினார்கள். நம் வீட்டிலிருந்து அப்பா தன் பெயரைக் கொடுத்ததாகச் சொன்னார். அதுதான் நியாயம். படகில் இருந்தவர் அவர், துடுப்பை வீசியதும் அவர்தான். காலையில் துண்டு, லுங்கி, பீடிக்கட்டு எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா கஞ்சி கொடுத்தாள். ஏட்டு வந்து தாளைப் பிரித்து வாசித்தார். என் பெயர்தான் வந்தது. “சார், நீ தப்பா பட்சிட்ட. கோதண்டம்னு போட்டு கீதா பாரு” என்றார் அப்பா. ஏட்டு மறுபடி வாசித்தார். மறுபடியும் என் பெயர்தான். அப்பாவுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. தலைவர் வெள்ளத்துரைதான் மாற்றிவிட்டார் என்று அவர் பிடித்த பிடி இன்றுவரை விடவில்லை. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் பேசுவதில்லை. பையை அப்படியே என் கையில் கொடுத்தார். அவர் பீடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

நீ அப்போது வீட்டுக்குள் இருந்தாய். வெளியே வரவில்லை.

எல்சி அம்மா வாராவாரம் பத்திரம் வந்ததா என்று கேட்கிறார். ஜூன் முதல் வாரத்தில் விசாரணை.

அன்பு அண்ணன்
ரஞ்சித்


பாளையங்கோட்டை
30.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பல் விழுந்துவிட்டதா? டாக்டரிடம் காட்டு, அப்படியே விடாதே. தாமதமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் முடிந்திருக்கிறது. தேர்வாகிவிட்டால் போலீஸ் சரிபார்ப்பு, சான்றிதழ் என்று அலைச்சல்.

நீ எழுதியது அப்படியே ஒரு கொள்கையில் உட்காருகிறது. குற்றம் என்பது செயலில் இல்லை, அதைப் பார்க்கிறவர்கள் குத்துகிற முத்திரையில் இருக்கிறது என்பார்கள். ஒருவன்மேல் ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால் வேலை, நட்பு எல்லாம் கழன்றுபோய், கடைசியில் அவனே அந்த முத்திரைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறான். உன் கடிதத்தை வழிகாட்டியிடம் காட்டினேன். மிக நல்ல தரவு என்றார்.

பத்திரத்தைத் தலைவர் வெள்ளத்துரையிடம் வாங்கினால் வலுவாக இருக்காதா? ஊர் சார்பில் அவர் சொன்னால் நீதிமன்றம் மதிக்கும். தங்கை சொன்னால் பாசத்தில் சொல்வதாக நினைப்பார்கள். வக்கீலிடம் கேட்டுப் பார்.

அன்புத் தங்கை
ஜெயா


மத்திய சிறை, புழல்
11.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பல் விழுந்துவிட்டது. வேறு ஒன்றுமில்லை, சுகம். நேர்காணல் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். நான் நல்ல தரவு என்று முபாஷிரிடம் சொன்னேன். “தரவுன்னா இன்னா மாமு, பிரியாணியா?” என்றான்.

நீ சொன்னபடி எல்சி அம்மா வெள்ளத்துரையைப் போய்ப் பார்த்தார். “பேரு குட்த்தது ஊரு. நான் வாய தொறந்தா பதினோரு வூடும் மாட்டும். நான் கையெழுத்து போட மாட்டேம்மா” என்றாராம். போகும்போது இன்னொன்றும் சொன்னாராம், “கோதண்டம் என்ன திட்டிகினே கீறான். நான் எழுதல. எனக்கு இன்னா, எழுத படிக்கவா தெரியும்?”

அதனால் விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இப்போது எல்சி அம்மா வேறு மாதிரி கேட்கிறார். பழைய கேஸ் கட்டிலிருந்து அந்தத் தாளை நகல் எடுத்துப் பார்த்தாராம். கோடு போட்ட நோட்டுத் தாள், அழகான கையெழுத்து. “இத எழுதின ஆளு வந்து, ஊரு சொல்லித்தான் பேரு போட்டேன், இந்தப் பையன் சண்டையில இல்லன்னு சொன்னா அதுக்கு மேல சாட்சியே வேணாம்” என்கிறார். எழுதியவர்மேல் பொய்த் தகவல் கொடுத்ததாக வழக்கு வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். யார் எழுதியது என்று என்னைக் கேட்டார். ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, ஞாபகம் இல்லை என்றேன்.

அம்முவை நேற்று மலர் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு, போட்டுக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறார் என்று குழந்தையே சொன்னதாம். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மலருக்குத் தெரியவில்லை. மனு போட்டு என்னைப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. சரி என்று சொல்லி அனுப்பினேன்.

அன்பு அண்ணன்
ரஞ்சித்


மத்திய சிறை, புழல்
19.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. இருமல் எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். முபாஷிருக்கும் சொன்னேன், பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டான். உன்னைப் பற்றி விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்களாம். வீட்டில் யார் மேலாவது கேஸ் இருக்கிறதா என்று கேட்டதற்கு அம்மா, “பையன் மேல கீது சார், பொண்ணு மேல இன்னா இருக்கும், அது புக்க வுட்டு தலைய தூக்காது” என்றாளாம். வந்தவரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனாராம்.

நான் கோர்ட்டு மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி எல்சி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படியும் ஜனவரியில் வருஷம் முடிந்து வெளியே விட்டுவிடுவார்கள். பதிவேடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். விநாயகர் சதுர்த்தி, தேர்த் திருவிழா, தேர்தல் என்று வந்தால் இரண்டு நாள் முன்னாடி அழைத்துப்போய் வைத்திருப்பார்கள். பையைக் கட்டி ஆணியில் மாட்டி வைத்துவிட்டால் அது பாட்டுக்கு நடக்கும். எல்சி அம்மா திட்டினார். இன்னும் இரண்டு மாதம் வாபஸ் தாளைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ பத்திரத்தைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். வேலையில் நல்லபடியாகச் சேர்.

அன்பு அண்ணன்
ரஞ்சித்


தென்காசி
03.10.2024

அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது?

இங்கே வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முத்திரைக் கொள்கையை நடத்தினேன். உன் கடிதத்திலிருந்து ‘திரு. அ’ கதையைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, “மேடம், அந்த லிஸ்ட்ட எழுதினது யாரு? அவங்கள யாரும் ஆராய்ச்சி பண்ணலியா?” என்று கேட்டாள். அன்றைக்கு வகுப்பை அதோடு முடித்துக்கொண்டேன்.

நான்தான் எழுதினேன் அண்ணா. குப்பத்தில் அப்போது பன்னிரண்டாவது முடித்தவள் நான் ஒருத்தி. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தலைவர் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் நோட்டிலிருந்துதான் தாளைக் கிழித்தேன். ஒவ்வொரு வீடாகப் பெயர் சொன்னார்கள், எழுதினேன். நம் வீடு வந்தது. அப்பா பக்கத்தில் வந்து நின்று, “என் பேர எழுது” என்றார். அப்பா உள்ளே போனால் படகை ஓட்ட ஆளில்லை, படகு போகாவிட்டால் எனக்குக் காலேஜ் இல்லை. இதை ரொம்ப நேரம் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. உன் பெயரை எழுதினேன். “எழுதிட்டியா?” என்று கேட்டார். “எழுதிட்டேன்” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். காலையில் வந்து உன் பெயரை வாசித்தபோது நான் உள்ளே புதுச் சுடிதாரை மடித்துக்கொண்டிருந்தேன். பச்சை.

ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். முடியவில்லை என்று தெரிந்த பிறகும் பதினோரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அதற்கு எந்தக் கொள்கையும் இல்லை. அப்பா தலைவரைத் திட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தேன். நீ பத்திரம் கேட்டபோது, முதலில் வேலை கையில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். போலீஸ் சரிபார்ப்பு முடிந்து, வேலையும் வந்து, அதற்குப் பிறகும் ஒரு மாதம் சும்மா இருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அழுகை வரவில்லை.

என் கேள்வித்தாளை நானே நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். ‘முதல் வழக்கு’ என்பதை ‘முதல் குற்றம்’ என்று திருத்தி, எந்த வயதில் என்ற இடத்தில் பதினேழு. எந்த இடத்தில் என்றால், வலைக்கொட்டகை. யாரோடு சேர்ந்து என்றால், தனியாக. தண்டனை என்ற கட்டத்தில் கோடு போட்டிருக்கிறேன். உன் தாளில் நீ விட்டிருந்த பதின்மூன்றாவது கேள்விக்கு ‘பிற’ என்பதில் குறி போட்டு என் பெயரை எழுதிவிட்டேன். ஆய்வேட்டிலிருந்து ‘திரு. அ’ பகுதியை எடுத்துவிட்டேன்.

நேற்று இங்கே நோட்டரியிடம் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். வண்ணாரப்பேட்டைக்குப் போனது, பட்டியல் எழுதியது, எல்லாம் அதில் இருக்கிறது. எல்சி அம்மாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீ வாபஸ் வாங்காதே. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. என் பெயரைச் சொல். இதை நான் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெயா


மத்திய சிறை, புழல்
14.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, பிளாக்கில் ஒரு பக்கம் ஒழுகுகிறது, நாங்கள் பாயை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறோம்.

பத்திரம் கிடைத்தது என்று எல்சி அம்மா வந்து சொன்னார். படித்துக் காட்டினார்.

எனக்குத் தெரியும் ஜெயா. அன்றைக்கு ஸ்டேஷனில் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச்சொல்லி அந்தத் தாளை என் முன்னால் வைத்தார்கள். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? வீட்டுச் சுவரெல்லாம் எழுதிப் பழகினவள் நீ. பார்த்ததும் புரிந்துவிட்டது. ஏட்டிடம், “சார், இது ராங்கு, எங்கப்பா பேரு வரணும்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் எழுதியது என்று அப்பாவுக்குத் தெரியும், அப்புறம் உன்னைக் காலேஜுக்கு அனுப்பமாட்டார். அதனால் கையெழுத்துப் போட்டேன். நானும் ஒரு மாதம் என்றுதான் நினைத்தேன்.

கோபம் இருந்ததா என்று நீ கேட்கவில்லை. இருந்தது. முதல் இரண்டு மூன்று வருஷம் நிறைய இருந்தது. சாத்தாங்காட்டு வேலை போன அன்றைக்கு உனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட நினைத்தேன். நீ எடுத்ததும், “அண்ணா, நான் யுனிவர்சிட்டி செகண்ட்” என்றாய். வைத்துவிட்டேன். அப்புறம் அது எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது தேடினாலும் அகப்படவில்லை.

நீ நிரப்பின தாளை முபாஷிர் பார்க்கக் கேட்டான். கொடுக்கவில்லை. மடித்துவைத்திருக்கிறேன்.

யாராவது கேட்டால் உன் பெயரைச் சொல்லச் சொல்கிறாய். சரி.

அன்பு அண்ணன்
ரஞ்சித்


திருவொற்றியூர்
14.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உன் இருமல் இப்போது எப்படி இருக்கிறது? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று மலர் கேட்கிறாள். எனக்கு எழுதித்தான் வருகிறது, பேச வரவில்லை.

டிசம்பர் மாதம் உத்தரவை ரத்து செய்து என்னை விட்டதும், போன மாதம் பதிவேட்டை மூடச்சொல்லி ஆர்டர் வந்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் தேர். தேருக்கு இரண்டு நாள் முன்னாடி எப்போதும் வந்து அழைத்துப்போவார்கள். பதிவேடு மூடியாகிவிட்டது என்று தெரியும். ஆனாலும் காலையில் எழுந்து குளித்துவிட்டு, பையில் லுங்கியும் துண்டும் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். பதினொரு மணிவரை யாரும் வரவில்லை. மலர் வந்து, “இன்னும் இன்னாத்துக்கு குந்திகினு கீற? வா, வந்து துன்னு” என்றாள். போய்ச் சாப்பிட்டேன். மத்தியானம் மறுபடி வந்து உட்கார்ந்தேன். அம்மு பள்ளிக்கூடம் விட்டு வந்து, போட்டுக்குப் போகலியாப்பா என்று கேட்டது. இல்லை என்றேன். அந்தப் பகலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலையில் வந்தார்கள். என்னை அழைத்துப்போக இல்லை. 2013-ல் பொய்யாகப் பெயர் எழுதிக் கொடுத்தது யார் என்று விசாரித்து அனுப்ப வேண்டுமாம். உன் பத்திரம் மட்டும் போதாதாம், வீட்டில் ஒருவர் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார் அந்தக் கான்ஸ்டபிள். சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். உனக்குச் சம்மன் வரும், வேலைக்கு என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பாவிடம் உன் பத்திரத்தைப் பற்றி டிசம்பரிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு எழுந்துபோய் வெள்ளத்துரை வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். நேற்று என் பக்கத்தில் வந்து நின்று, “என் பேர எழுது. அன்னிக்கும் அதான் சொன்னேன், இன்னிக்கும் அதான் சொல்றேன்” என்றார்.

நான் பேனாவை வாங்கினேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். நிதானமாக, தப்பில்லாமல் உன் பெயரை எழுதினேன்.

“எழுதிட்டியா?” என்று அப்பா கேட்டார்.

எழுதிட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படகுப் பக்கம் போனார்.

மாற்றுத் துணி ஒன்று பையில் போட்டு வைத்துக்கொள். இருமல் மருந்தையும் எடுத்து வை.

அன்பு அண்ணன்
ரஞ்சித்